கடவுளுக்காகப் பொய் பேசலாமா?

சேத்தியாத்தோப்பு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். தென்மேற்கே அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றி வருபவையும் அவற்றுள் உண்டு. அப்படியொரு லாரியின் ஓட்டுநர் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றின் அருகே கிடந்த ஒரு கல்லை எடுத்து வந்து தம் மகனிடம் கொடுத்திருந்தார். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன், உறுதிபூசுதலுக்கான ஆயத்த வகுப்பில் அதைக் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்து நம் மேசைமீது வைத்தான். கல் என்றால் வெறுங்கல் அன்று. உள்ளங்கை அளவுள்ள சிப்பி. வரிவரியாக வளர்ந்த அதன் ஓடு கல்லாகவே இறுகிப்போயிருந்தது.

"சாமி, இது ஏழு கோடி வருசத்துக்கு முந்தினதுன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. பைபிள்ல அப்படி இல்லையே. எது உண்மை?" என்று கேட்டான்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தனர். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடமே இருந்தது. நாம் தயங்காமல் விடை சொன்னோம்: "இது நோவா காலத்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டது தம்பி. நாலாயிரம், ஐந்தாயிரம் ஆண்டு இருக்கும். பைபிள் சொல்வதுதான் உண்மை." பிள்ளைகள் அமைதியாயினர். அவன் சிப்பியை மீண்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

குருமடத்தில் நாம் பயின்ற விவிலிய விளக்கம் அதுவன்று. தொடக்கநூலின் முதற்பகுதிகளை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்திருந்தார்கள். நாமும் தேர்வில் எழுதித் தேறியிருந்தோம். ஆயினும் அன்று வேறொன்றைச் சொன்னோம். பிள்ளைகளின் விசுவாசம் ஆட்டங்கண்டுவிடுமோ என்ற அச்சம் ஒரு காரணம். விளக்கத் தொடங்கினால் வகுப்பு கைமீறிப் போகுமே என்ற சோம்பல் மற்றொரு காரணம். நம் நோக்கம் நல்லதே என்று நம்மையே தேற்றிக்கொண்டோம்.

ஆறு ஆண்டுகள் சென்றன. மாற்றல் உத்தரவை எதிர்பார்த்திருந்த வேளையில் அதே பையன் பங்கு இல்லத்துக்கு வந்தான். இப்போது அவன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படிக்கும் இளைஞன். அக்காவின் திருமணத்திற்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினோம். ஈரம் பட்டு மை கலைந்திருந்ததால் ஆண்டு மட்டும் தெரிந்தது. நாளும் மாதமும் தெரியவில்லை. "உத்தேசமாக ஒரு தேதி போட்டுக் கொடுங்க சாமி" என்றான். நாம் மறுத்துவிட்டோம். "ஞானத்தாயை அழைத்து வா. மேலும் கீழும் உள்ள பதிவுகளையும் பார்ப்போம். தெரியாத தேதியை எழுதிக் கையெழுத்திட நமக்கு உரிமை இல்லை" என்றோம்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு எவ்விதக் கசப்புமின்றிச் சொன்னான்: "ஒரு தேதிக்கு இவ்வளவு பார்க்கிறீங்க சாமி. அன்னைக்கு அந்தக் கிளிஞ்சலுக்கு மட்டும் உடனே தேதி சொல்லிட்டீங்களே."

அந்தச் சொல் தைத்தது. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

கல் எவ்வாறு சாட்சி சொல்கிறது?

அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரங்களில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது அண்மையில் தெரியவந்த செய்தியன்று. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய பகுதிகளில் திரட்டப்பட்ட தொல்லுயிர் எச்சங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் பிரித்தானிய அறிஞர் 1846-இல் விவரித்து எழுதினார். நமது பழைய தென்னாற்காடு மாவட்டத்தையும் திருச்சி மாவட்டத்தையும் ஆராய்ந்த பிளான்ஃபோர்டின் அறிக்கையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1862-இல் வெளியிட்டது. பின்னர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பிகள், நத்தைகள், அம்மோனைட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார். ஊட்டத்தூர், கல்லங்குறிச்சி போன்ற நம் சிற்றூர்களின் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதற்கு இதுவே காரணம்.

அங்குள்ள சுண்ணாம்புக்கல் என்பது என்ன? பெரும்பகுதி கடல்வாழ் உயிர்களின் ஓடுகளே. பரங்கிப்பேட்டைக் கரையில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓட்டிலும் கல்லிலும் இருப்பது ஒரே பொருள். கல்லங்குறிச்சியில் சிப்பிகள் படுகை படுகையாக, ஒரு தலைமுறையின்மேல் மறு தலைமுறையாக வளர்ந்து கிடக்கின்றன. ஒரே வெள்ளம் வாரிக் கொட்டியிருந்தால் இவ்வாறு அடுக்கடுக்காக வாழ்ந்து மடிந்த தடம் எஞ்சியிராது. அன்று நாம் சொன்ன விடையை இந்த ஒரு காட்சியே மறுத்துவிடுகிறது.

வயதை அறிவது எப்படி? 'கார்பன் முறையில் கண்டுபிடிப்பார்கள்' என்று நம்மில் பலர் சொல்வது வழக்கம். அது சரியன்று. கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளே. எனவே ஐம்பதாயிரம் ஆண்டு அளவைக் கடந்த பொருளில் அளப்பதற்கு ஏதும் மிஞ்சாது. கோடிக்கணக்கான ஆண்டுகளை அளக்க வேறு தனிமங்களை நாட வேண்டும். அந்த இளைஞன் நமக்கு விளக்கிய ஒரு முறை ஸ்டிரான்சியத்தைப் பற்றியது.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையால் சற்று வேறுபடுவதுண்டு. அவற்றை ஐசோடோப்புகள் என்கிறோம். ஸ்டிரான்சியத்தில் 87 என்றும் 86 என்றும் எண்ணிடப்பட்ட இரண்டு நமக்கு இங்கே முக்கியம். 86 மாறாதது. 87-இன் ஒரு பகுதி, பாறைகளில் உள்ள ருபீடியம் மிக மெதுவாகச் சிதைவதால் உண்டாவது. அந்த ருபீடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள். ஆகவே கண்டங்களின் பழம்பாறைகளில் 87 மிகுதி. ஆறுகள் அப்பாறைகளைக் கரைத்துக் கடலில் சேர்க்கும்போது கடல்நீரில் 87-இன் விகிதம் ஏறுகிறது. கடலடியில் எரிமலைப் பாறைகளினூடே பாயும் வெந்நீரோ அவ்விகிதத்தைக் குறைக்கிறது. இந்த இரண்டின் போட்டியால் கடலின் விகிதம் காலந்தோறும் மெல்ல மாறிவந்திருக்கிறது.

ஸ்டிரான்சியம் கடலில் பல பத்து இலட்சம் ஆண்டுகள் தங்கும். கடல்நீரோ சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் உலகெங்கும் கலந்துவிடும். ஆகவே ஒரு காலத்தில் எல்லாக் கடல்களிலும் ஒரே விகிதமே இருக்கும். சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது கால்சியத்தோடு சிறிதளவு ஸ்டிரான்சியத்தையும் ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு தான் வாழ்ந்த காலத்துக் கடலின் விகிதத்தைத் தன் உடலிலேயே பதிவுசெய்துவிடுகிறது. இன்று பரங்கிப்பேட்டைக்கு அப்பால் கடலில் வளரும் சிப்பியில் அது சுமார் 0.7092. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் படிந்த கிரிட்டேசியக் காலத்தின் இறுதியில் உலகக் கடல்களில் இருந்தது 0.7077, 0.7078 என்ற அளவு. நான்காவது தசம இடத்தில்தான் காலம் ஒளிந்திருக்கிறது.

விக்மன் என்பவர் 1948-இல் இம்முறைக்கு அடிகோலினார். 1982-இல் பர்க்கும் அவருடைய துணைவர்களும் பல காலத்துக் கடற்பாறைகளை அளந்து, விகிதத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு வளைகோடாக வரைந்தனர். நம் காவிரிப் படுகையின் பாறைகளிலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராம்குமார் ஜெர்மானிய ஆய்வாளர்களோடு இணைந்து ஸ்டிரான்சியம் ஐசோடோப்புகளை அளந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்.

பங்குப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். தேதி அழிந்த ஒரு பக்கம் கிடைக்கிறது என்று கொள்வோம். கையெழுத்தைப் பார்க்கிறோம். இந்தக் கையெழுத்துடைய பங்குத்தந்தை எந்த ஆண்டுகளில் இங்கே பணியாற்றினார் என்பது மற்றப் பக்கங்களிலிருந்து தெரியும். எனவே அழிந்த பக்கத்தின் காலமும் ஓரளவு தெரிந்துவிடும். சிப்பியில் உள்ள விகிதம் அந்தக் கையெழுத்துப் போன்றது. வளைகோடு, தேதி தெளிவாக உள்ள மற்றப் பக்கங்கள் போன்றது.

சாட்சியைச் சோதிக்கும் முறை

இங்கே நம்மைக் கவர்ந்தது, அந்த ஆய்வாளர்கள் தங்கள் சாட்சியை நம்புவதற்குமுன் எத்தனை முறை சோதிக்கிறார்கள் என்பதே. மூன்று சோதனைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சாட்சி கலைக்கப்பட்டதா என்பது. கல் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடக்கிறது. மழைநீரும் நிலத்தடி நீரும் அதனூடே ஊறுகின்றன. பழைய ஸ்டிரான்சியம் வெளியேறிப் புதியது உட்புகலாம். பார்வைக்குச் சிப்பி சிப்பியாகவே இருக்கும். அது சொல்லும் எண் மட்டும் பொய்யாகியிருக்கும். ஆகவே மாங்கனீசும் இரும்பும் மிகுந்திருக்கின்றனவா, ஸ்டிரான்சியம் குறைந்திருக்கிறதா, நுண்ணோக்கியில் ஓட்டின் பழைய அடுக்குகள் தெரிகின்றனவா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஐயத்துக்கு இடமானால், தங்களுக்கு உகந்த எண்ணைத் தந்தாலும் அந்த மாதிரியைத் தள்ளிவிட வேண்டும். தனக்குச் சாதகமான சாட்சியையும் தள்ளத் துணிவதே நேர்மையின் முதற்படி அன்றோ?

இரண்டாவது, தனிச் சாட்சி போதுமா என்பது. வளைகோடு ஏறியும் இறங்கியும் செல்வதால் ஒரே விகிதம் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் வரும். 0.7077 என்ற அளவு ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பும் உண்டு. ஐந்து கோடி ஆண்டு அளவிலும் அதை ஒட்டிய எண் வருகிறது. மிகப் பழைய காலங்களிலும் வந்திருக்கிறது. எது சரி என்று விகிதம் மட்டும் சொல்லிவிடாது. கூடவே கிடைக்கும் உயிரெச்சங்களும், மேலும் கீழும் உள்ள படுகைகளும் சேர்ந்து சொன்னால்தான் முடிவு கிடைக்கும். ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவரையும் குற்றவாளியாக்கலாகாது, இருவர் மூவர் வேண்டும் என்று இணைச்சட்ட நூல் விதிப்பது நமக்குத் தெரிந்ததே. நிலவியலாருக்கும் அந்த விதி பொருந்துகிறது.

மூன்றாவது, தெரிந்ததன் எல்லையைச் சொல்வது. ஒவ்வொரு வயதோடும் 'கூடவோ குறையவோ இவ்வளவு' என்று ஓர் எண்ணைச் சேர்த்தே எழுதுகிறார்கள். 'இந்த அளவுக்குத் தெரியும், இதற்குமேல் தெரியாது' என்று ஒப்புக்கொள்ளும் குறி அது. மறையுரைகளில் நாம் இப்படிச் சொல்வது எத்தனை முறை?

இச்சோதனைகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மத்தியப்பிரதேசம், உத்தரப்பிரதேசம், பீகார் மாநிலங்களில் பரந்து கிடக்கும் விந்தியப் பாறைகளின் வயது பற்றி 1998-இல் பெரும் சர்ச்சை எழுந்தது. தேராதூனில் உள்ள வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆஸ்மி, அங்குள்ள சுண்ணாம்புப் படுகைகளில் சிறு ஓட்டுயிர்களின் எச்சங்களைக் கண்டதாக அறிவித்தார். அத்தகையவை கேம்பிரியக் காலத்துக்கு உரியவை என்பதால் பாறையின் வயது 54 கோடி ஆண்டு அளவே என்பது அவர் முடிவு. அதே ஆண்டில் வேறு அறிஞர்களோ, விந்தியப் பாறைகளில் நூறு கோடி ஆண்டுக்கும் முற்பட்ட புழுத்தடங்களைக் கண்டதாக எழுதினர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. ஆஸ்மி கண்டவை உயிரெச்சங்கள்தாமா என்ற ஐயமும் கிளம்பியது.

பிறகு ஐசோடோப்புகள் பேசின. அங்கே பயன்பட்டது யுரேனியமும் காரீயமும். யுரேனியத்தின் இரண்டு வகைகள் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து காரீயத்தின் இரண்டு வகைகளாகின்றன. ஒன்றின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். மற்றதன் அரை ஆயுட்காலம் 70 கோடி. ஒரே கல்லுக்குள் இரண்டு கடிகாரங்கள். சாரங்கி, கோபாலன், குமார் ஆகியோர் ரோத்தாஸ் சுண்ணாம்புக்கல்லை இம்முறையில் அளந்து 2004-இல் தந்த வயது 159.9 கோடி ஆண்டுகள். கூடவோ குறையவோ 4.8 கோடி. விந்தியத்தின் கீழ்ப்படுகைகளில் உள்ள எரிமலைச் சாம்பலின் சிர்க்கான் மணிகளும் 2002-லேயே 160 கோடி அளவையே காட்டியிருந்தன.

அப்படியானால் ஆஸ்மி கண்டவை பொய்யா? 2009-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்க்ட்சனும் அவருடைய துணைவர்களும் புதிதாக மாதிரிகள் எடுத்து ஆராய்ந்தனர். உயிரெச்சங்கள் அங்கே உண்மையாகவே இருந்தன. வளையங்களுடைய நுண்குழாய்களும் இழைகளும் கிடைத்தன. ஆனால் கருமுட்டை எனக் கருதப்பட்ட உருண்டைகள் வெறும் வளிக்குமிழிகளின் தடங்களே. உயிரெச்சங்கள் இருந்த அதே பாறையின் வயது 165 கோடி ஆண்டுகள். கூடவோ குறையவோ 8.9 கோடி. ஆக, ஆஸ்மியின் கண்கள் பெரும்பாலும் சரியாகவே பார்த்திருந்தன. காலத்தைப் பற்றிய முடிவில் நூறு கோடி ஆண்டுக்கு மேல் பிழை இருந்தது. அவரை ஐயுற்றவர்கள் காலத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னார்கள். அங்கே உயிரெச்சமே இல்லை என்று எண்ணியவர்களோ தவறினார்கள். அவரவர் பங்கு உண்மையும் அவரவர் பங்கு பிழையும் வெளிப்பட ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள் பிடித்தன.

'அறிவியல் இன்று ஒன்று சொல்லும், நாளை வேறொன்று சொல்லும். அதை எப்படி நம்புவது?' என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இந்நிகழ்ச்சி அவர்களுக்கு விடையாகும். திருத்திக்கொள்ளும் ஒழுங்கு இருப்பதனாலேயே அது நம்பத் தகுந்ததாகிறது.

திருச்சபை தன் எண்ணைத் திருத்திக்கொண்டது

இனி நமது மரபைப் பார்ப்போம். விவிலியத்தின் தலைமுறைப் பட்டியல்களைக் கூட்டி உலகின் வயதைக் கணக்கிட்டவர்கள் பலர். 1650-இல் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் உஷர், படைப்பு கி.மு. 4004-இல் நிகழ்ந்தது என்று முடிவுகட்டினார். நம் திருச்சபையிலும் இத்தகைய எண் ஒன்று இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னாளில் வாசிக்கப்படும் பழைய பிறப்பு அறிவிப்பு, உலகப் படைப்பிலிருந்து 5199-ஆம் ஆண்டில் மீட்பர் பிறந்தார் என்று கூறிவந்தது. 2001-இல் உரோமைப் புனிதர் பட்டியல் நூல் புதுப்பிக்கப்பட்டபோது அந்த எண் நீக்கப்பட்டது. எண்ணற்ற காலங்கள் கடந்தபின் என்னும் பொருள்படும் சொற்கள் அந்த இடத்தில் அமைந்தன. பிறப்புச் செய்தி சிறிதும் குறையவில்லை. ஓர் எண் மட்டும் விடைபெற்றது. திருவழிபாட்டிலேயே திருச்சபை இவ்வாறு திருத்திக்கொண்டிருக்க, ஒரு மறைக்கல்வி வகுப்பில் நாம் எதற்காக அந்தப் பழைய எண்ணைக் காக்கப் போராடினோம்?

இது புதுமைவாதிகள் கொண்டுவந்த போக்கும் அன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடக்கநூலுக்கு உரை எழுதிய புனித அகுஸ்தீனார் இந்த ஆபத்தைக் குறித்துக் கடுமையாக எச்சரித்திருக்கிறார். விண்ணையும் மண்ணையும் பற்றி நன்கறிந்த ஒரு பிற சமயத்தவர் முன்பாக, கிறிஸ்தவர் ஒருவர் மறைநூலின் பெயரால் அவை பற்றிப் பிதற்றினால் நேர்வது என்ன? தமக்குத் தெரிந்த செய்தியிலேயே மறைநூல் தவறுகிறது என்று அவர் எண்ணினால், உயிர்ப்பையும் நிலைவாழ்வையும் பற்றி அது சொல்வதை எவ்வாறு நம்புவார்? இதுவே அவரது கவலை. நம் வகுப்பில் நேர்ந்ததும் அதுவே. கேட்டவன் பிற சமயத்தவனும் அல்லன். திருமுழுக்குப் பெற்ற நம் பிள்ளை.

1893-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், மறைநூல் ஆசிரியர்கள் இயற்கைப் பொருள்களின் உள்ளமைப்பைக் கற்பிக்க முற்படவில்லை என்று தெளிவுபடுத்தினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆசிரியர் எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்பதை ஆராய்ந்தே மறைநூலின் பொருளை உணர வேண்டும் என்று கற்பித்தது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கலிலேயோ நிகழ்ச்சியில் அன்றைய இறையியலார் செய்த பிழையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். இவற்றையெல்லாம் நாம் படித்திருந்தோம்.

பாறைப் படுகைகளை வாசிக்கும் முதல் விதியை உலகுக்குத் தந்தவரே ஒரு கத்தோலிக்க ஆயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டென்மார்க்கில் 1638-இல் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டேனோ ஒரு மருத்துவர். 1666-இல் இத்தாலியக் கடற்கரையில் பிடிபட்ட பெருஞ்சுறா ஒன்றின் தலை அவரிடம் அனுப்பப்பட்டது. அதை அறுத்துப் பார்த்தவர், மலைப்பாறைகளில் கிடைத்த 'நாக்குக் கற்கள்' உண்மையில் பழஞ்சுறாக்களின் பற்களே என்று கண்டார். 1669-இல், கீழ்ப்படுகை முந்தியது, மேற்படுகை பிந்தியது என்னும் விதியை வகுத்தார். இதற்கிடையே 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்; 1675-இல் குருவானார்; 1677-இல் ஆயரானார். 1988-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஸ்டேனோகூட நோவாவின் வெள்ளத்தைத் தம் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டவரே. அக்காலத்தில் அது அவருக்கு எட்டிய அறிவு; அவர் அறிந்தே பொய் சொல்லவில்லை. நாமோ அறிந்திருந்தும் சொன்னோம். அவரது பிழைக்கும் நமது பொய்க்கும் உள்ள தொலைவு அதுதான்.

கடவுளுக்கு நம் பொய் தேவையா?

'ஒரு நல்ல நோக்கத்திற்காகத்தானே சொன்னீர்கள்? அந்தப் பிள்ளைகளின் விசுவாசத்தைக் காக்கத்தானே?' என்று அன்பர் சிலர் நம்மைத் தேற்றக்கூடும். இந்த வாதத்தைச் சற்று ஆராய வேண்டும். ஏனெனில் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியரும் குருக்களும் நாள்தோறும் இதன் நிழலிலே ஒதுங்குகிறோம்.

யோபு நூலில் நண்பர்கள் மூவர் கடவுளின் நீதியைக் காக்க முயல்கிறார்கள். அதற்காகக் குற்றமற்ற ஒருவனைக் குற்றவாளியாக்கவும் தயங்கவில்லை. அவர்களை நோக்கி யோபு கேட்கும் கேள்வி கூரியது. கடவுளுக்காகவா நீங்கள் பொய் பேசுகிறீர்கள், அவருக்காகவா வஞ்சகமாய் வாதாடுகிறீர்கள் என்பதே அதன் கருத்து. நூலின் இறுதியில் கடவுள் கடிந்துகொள்வது தமக்காக வாதாடிய அந்த நண்பர்களை. தம்மோடு வழக்காடிய யோபு சரியாகப் பேசினான் என்கிறார்.

எட்டாம் கட்டளை பிறருக்கு எதிரான பொய்ச் சாட்சியை விலக்குகிறது. கடவுளுக்குச் சார்பான பொய்ச் சாட்சியை அது அனுமதிப்பதாக நாமாகவே ஒரு விலக்கை எழுதிக்கொண்டோம். உண்மையில் அதுவும் பிறருக்கு எதிரானதே. நம்மை நம்பி வந்து கேட்ட பிள்ளைக்கு உண்மையைப் பெறும் உரிமை இருந்தது. அதை நாம் பறித்தோம். மேலும், கல்லையும் அதன் ஸ்டிரான்சியத்தையும் படைத்தவர் அவரே என்றால், கல்லின் சாட்சியை மறைப்பது அவரது கைவேலையின் வாயை அடைப்பதாகும். அவரைக் காப்பதாக எண்ணி நாம் காத்தது நம் அமைதியையும் நம் மதிப்பையுமே.

மற்றொரு தடையும் எழுகிறது. 'குருவே தெரியாது என்று சொன்னால் மக்கள் எதை நம்புவார்கள்?' அன்று அந்தப் பையனுக்கு நாம் இவ்வாறு சொல்லியிருக்கலாம்: 'உன் பள்ளியில் சொன்னது சரியாக இருக்கலாம் தம்பி. வயதைக் கணக்கிடும் முறை எனக்குத் தெரியாது. விவிலியம் அந்தக் கணக்கைச் சொல்ல எழுதப்படவில்லை. யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்று சொல்லவே எழுதப்பட்டது.' இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிராது. இதனால் அவன் விசுவாசம் ஆட்டங்கண்டிருக்குமா? அவனிடமே கேட்டோம். "தெரியலைன்னு சொல்லியிருந்தா போதும் சாமி. வகுப்பு முடிஞ்சு போனப்போ, இதுவே இப்படின்னா மத்ததெல்லாம் எப்படியோன்னு தோணிச்சு" என்றான். அகுஸ்தீனார் அஞ்சியது இதுவே. அவன் திரும்பி வந்தது நம் திறமையால் நேர்ந்ததன்று; அவன் தாயின் செபமாலை இழுத்து வந்ததாகத்தான் நாம் கருதுகிறோம்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஐசோடோப்புகள் கடவுள் உண்டு என்று நிறுவுவதும் இல்லை, இல்லை என்று மறுப்பதும் இல்லை. ஏழு கோடி ஆண்டு என்ற எண்ணைக் கண்டு வியந்து, 'பார், கடவுள் எவ்வளவு பெரியவர்' என்று உடனே மறையுரை செய்வதும் ஒருவகை அவசரமே. கல் தன் வயதைச் சொல்கிறது. அதைக் கல்லிடமிருந்தே கேட்போம். நம் வாழ்வின் பொருளை ஆண்டவரிடமிருந்து கேட்போம். ஒருவர் சொன்னதை மற்றவர் வாயில் திணிக்காதிருப்பதே இருவருக்கும் நாம் செய்யும் மரியாதை.

கல்லுக்குச் செய்யும் அந்த மரியாதையை மனிதர்க்கும் செய்யலாம். ஊரில் ஒருவரைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அது பல வாய்களில் ஊறிக் கலைந்து வந்ததா? வேறு சாட்சி உண்டா? நமக்கு உண்மையில் எவ்வளவு தெரியும்? இம்மூன்றையும் கேட்டபின் வாய் திறந்தால், நம் பங்குகளில் எத்தனை குடும்பங்களின் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும்!

பதிவேட்டுக் கதையை முடித்துவிடுகிறோம். மை கலைந்த அந்தப் பதிவுக்கு மேலே இருந்தது மார்ச்சு மாதத் திருமுழுக்கு. கீழே இருந்தது மே மாதத்தது. ஸ்டேனோவின் விதிப்படி நடுவில் உள்ளது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்றானது. மறுநாள் ஞானத்தாய் வந்தார். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு என்று உறுதியாகச் சொன்னார். குடும்பத்தாரின் பழைய புகைப்படம் ஒன்றின் பின்புறம் எழுதியிருந்த நாளும் அதனோடு ஒத்துவந்தது. ஓரத்தில் குறிப்பெழுதி, எவ்வாறு தெரிந்தது என்பதையும் சேர்த்துக் கையெழுத்திட்டுச் சான்றிதழைக் கொடுத்தோம்.

சொன்ன பொய்யால் விளைந்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும் என்பது நம் ஒழுக்கவியல் கற்பிக்கும் கடமை. அன்று வகுப்பில் இருந்தவர்கள் நாற்பது பேர். திரும்பி வந்தவன் ஒருவன். மற்றவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டார்கள். அவர்களுள் யாருக்கேனும் இவ்விதழ் கையில் கிடைக்குமாயின், நம் வேண்டுகோள் இது: அன்று அந்தச் சிப்பியைப் பற்றி நாம் சொன்னது உண்மையன்று. அது சரியன்று என்று தெரிந்தே சொன்னோம். அது ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலில் வாழ்ந்தது. கூடவோ குறையவோ இருக்கலாம். எங்களை மன்னியுங்கள்.